போகாத ஊரின் டோக்கன்: தெரியாத குக்கீ இருந்தால் கம்ப்யூட்டரில் ஸ்பைவேர் இருக்கிறதா?

போன வருஷம் மாங்காய் சீசன். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்தார். "ஏம்மா, கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா? கம்ப்யூட்டர்ல எவனோ பூந்துட்டான்" என்றார். குரலில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவள். மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

மேஜைமேல் ஒரு கோடு போட்ட நோட்டு திறந்திருந்தது. குரோமில் குக்கீ பட்டியலைத் திறந்து, அதில் இருந்த தளங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ரெண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். "நான் பாக்கறது பேப்பர், பஞ்சாங்கம், பெங்களூரா மாங்கா விலை. அவ்வளவுதான். இதுல இருக்கற எதுக்கும் நான் போனதே இல்ல" என்றார். பட்டியலின் நடுவில் ஒரு டேட்டிங் தளத்தின் பெயர் இருந்தது. அதன்கீழ் சிவப்பு மையில் கோடு. பிளஸ் டூ எழுதி முடித்த பேரன் திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் ராத்திரியே அவனுக்கு நல்ல திட்டு விழுந்திருக்கிறது.

அந்தப் பையனின் முகத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். குக்கீ பட்டியலை மட்டும் வைத்து ஒரு கம்ப்யூட்டரில் ஸ்பைவேர், அதாவது நமக்குத் தெரியாமல் உளவு பார்க்கிற புரோகிராம், இருக்கிறது என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டில் யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பதையும் சொல்ல முடியாது. இந்த மூன்றும் தெரியாமல் வீட்டுக்குள் சண்டை வருகிறது, காசு போகிறது, நல்ல கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்து விடுகிறார்கள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் ஸ்டாண்டுக்காரர் ஒரு டோக்கன் கிழித்துக் கொடுப்பார். அதில் ஒரு நம்பர்தான் இருக்கும். சாயங்காலம் வந்து காட்டினால் எந்த வண்டி நம்முடையது என்று அவருக்குத் தெரிந்துவிடும். குக்கீயும் அந்த மாதிரி டோக்கன்தான். ஒரு தளத்தைத் திறந்ததும் அதன் சர்வர், ஒரு பெயரும் ஒரு மதிப்பும் உள்ள சின்ன எழுத்துத் துண்டை நம் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். மறுபடி போகும்போது பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். 1994இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மோன்டுல்லி இதைக் கொண்டுவந்தார். இணையக் கடையில் நாம் கூடையில் போட்ட பொருளைத் தளம் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது, அதற்காகத்தான். ஒரு குக்கீயின் அளவு கிட்டத்தட்ட 4 கேபிக்கு மேல் போகாது. அது எழுத்து மட்டும்தான், புரோகிராம் கிடையாது. அதனால் தானாக ஓடாது. உங்கள் ஃபைலைத் திறக்காது, கீபோர்டில் அடிப்பதைப் படிக்காது, கேமராவை ஆன் செய்யாது. ஸ்பைவேர் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு புரோகிராம். அதைத் தேட வேண்டிய இடமே வேறு.

சரி, போகாத ஊரின் டோக்கன் நம் பையில் எப்படி வந்தது?

ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு அது ஒரு பக்கம். பிரவுசருக்கு அப்படி இல்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்து வரும், விளம்பரம் வேறு சர்வரிலிருந்து, யூடியூப் வீடியோ இன்னொரு இடத்திலிருந்து, எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணுகிற நிரல் மற்றோர் இடத்திலிருந்து. இவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் டோக்கனையும் கையில் திணிக்கலாம். இதைத்தான் தேர்டு பார்ட்டி குக்கீ என்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் மூன்று ஊரிலும் ஒரே முதலாளி வண்டி ஸ்டாண்ட் வைத்திருந்து, மூன்று இடத்திலும் நீங்கள் ஒரே நம்பர் டோக்கனைக் காட்டினால், நீங்கள் எந்தக் கிழமை எந்த ஊருக்குப் போனீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும் இல்லையா? விளம்பரக் கம்பெனிகள் செய்வது அதுதான். நம்மைப் பின்தொடர்கிறார்கள் என்பது உண்மை. எனக்கும் அது பிடிக்காது, தடுக்கும் வழியைக் கீழே சொல்கிறேன். ஆனால் அது உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆள் புகுந்துவிட்டான் என்பது ஆகாது.

வாத்தியாரின் நோட்டில் இருந்த பெயர்களில் பாதி எனக்குப் பழக்கமானவை. டபுள்கிளிக் என்று பார்த்தால் யாரோ மவுஸை ஆட்டுகிறான் என்று தோன்றும். அது கூகுளின் விளம்பரப் பிரிவு, 2008இல் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கி முடித்தது. டெம்டெக்ஸ் என்பது ஏதோ மருந்து மாதிரி இருக்கும், அது அடோபி கம்பெனியுடையது. ஸ்கோர்கார்டு ரிசர்ச் என்பது காம்ஸ்கோர் என்ற பார்வையாளர் கணக்கெடுப்பு நிறுவனம். கிரிட்டியோ, டபூலா ரெண்டும் விளம்பரக் கம்பெனிகள். இந்த ஐந்தும் உங்கள் பட்டியலில் இருந்தால், நீங்கள் இணையத்தில் செய்தி படிக்கிறவர் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

சொன்னால் நம்ப மாட்டார் என்று தெரியும். அதனால் அவரையே செய்து பார்க்கச் சொன்னேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். குரோமில் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தை அழுத்தி, புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்குங்கள். கூகுள் கணக்கில் லாகின் செய்யாமலே உருவாக்கலாம். அதில் குக்கீ எதுவுமே இருக்காது, துடைத்த சிலேட் மாதிரி. நீங்கள் தினம் பார்க்கும் ஒரே ஒரு தளத்தை மட்டும் திறந்து, கடைசிவரை கீழே இறக்கிப் படியுங்கள். அப்புறம் மூன்று புள்ளியை அழுத்தி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தேர்டு பார்ட்டி குக்கீஸ் என்று உள்ளே போய், "சீ ஆல் சைட் டேட்டா அண்ட் பெர்மிஷன்ஸ்" என்பதை அழுத்துங்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா, அதில் மேனேஜ் டேட்டா. குரோம் சோதனையை இன்காக்னிட்டோ ஜன்னலில் செய்யாதீர்கள். அங்கே தேர்டு பார்ட்டி குக்கீயைக் குரோம் தானாகவே தடுத்துவிடும், பட்டியல் சுத்தமாகத் தெரிந்து உங்களை ஏமாற்றிவிடும்.

வாத்தியார் அவர் தினம் பார்க்கும் செய்தித்தளத்தைத் திறந்தார். ஒரே பக்கம். பட்டியலில் 31 பெயர்கள் நின்றன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். அடுத்து பஞ்சாங்கத் தளம். ராகு காலம் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஓர் இடத்தில் கிளிக் செய்தார். பக்கம் மாறியது, அதே நொடியில் பின்னால் இன்னொரு டேப் சத்தமில்லாமல் திறந்தது. அந்த டேப்பில் இருந்ததுதான் சிவப்பு மையில் கோடு போட்ட டேட்டிங் தளம். மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். பேரன் எப்போது உள்ளே வந்து எங்கள் பின்னால் நின்றான் என்று தெரியவில்லை. வாத்தியார் அவனைத் திரும்பிப் பார்த்து, "தப்பா நெனச்சிட்டேன்டா" என்றார்.

வேறு வழியாகவும் தெரியாத பெயர்கள் வரும். குரோம் இப்போது ஒரு குக்கீயை அதிகபட்சம் 400 நாள் வைத்திருக்கும், 2022இல் அந்த வரம்பு வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகி மறந்த தளமும் அதில் நிற்கும். குரோமில் ப்ரீலோட் என்று ஒரு வசதி உண்டு, நீங்கள் அடுத்து எதை அழுத்தப்போகிறீர்கள் என்று ஊகித்து அந்தப் பக்கத்தை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கும். நீங்கள் அழுத்தாவிட்டாலும் அதன் குக்கீ வந்து உட்காரலாம். வீட்டில் நாலு பேர் ஒரே ப்ரொஃபைலைப் பயன்படுத்தினால் நாலு பேர் டோக்கனும் ஒரே பையில்தான் கிடக்கும்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2006இல் நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு இருந்தேன். தையல் கடை வைத்திருந்த ஓர் அக்கா தன் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கொண்டுவந்தார். இலவசமாகக் கிடைத்த ஒரு ஸ்கேன் சாஃப்ட்வேரை ஓட்டினேன். 312 ஆபத்துகள் என்று சிவப்பில் காட்டியது. பயந்துபோய் அன்று சாயங்காலமே ஃபார்மட் அடித்தேன். அவருடைய குழந்தையின் முதல் வருஷப் போட்டோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன. பிறகு அதே ஸ்கேனின் அறிக்கையை நிதானமாகப் படித்தபோது, 312இல் 300க்கு மேல் டிராக்கிங் குக்கீ என்று எழுதியிருந்தது. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் போட்டோக்கள் திரும்பி வரவில்லை. அதனால் இன்றைக்கும் எந்த ஸ்கேன் முடிவு வந்தாலும் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வரியிலும் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். டிராக்கிங் குக்கீ என்று இருந்தால் தள்ளி வையுங்கள். டிரோஜன் (நல்ல புரோகிராம் வேஷத்தில் வருவது), கீலாகர் (கீபோர்டில் அடிப்பதைப் பதிவு செய்வது), ஸ்டீலர் (தகவலைத் திருடுவது), பேக்டோர் (வெளி ஆளுக்குக் கள்ள வாசல் திறந்து வைப்பது) என்று ஒன்றே ஒன்று இருந்தாலும் அங்கே நில்லுங்கள்.

சரி, உண்மையிலேயே ஸ்பைவேர் இருந்தால் எங்கே தெரியும்?

நான் முதலில் போவது எக்ஸ்டென்ஷன் பக்கம். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன புரோகிராம். அட்ரஸ் பாருக்கு வலதுபுறம் புதிர் விளையாட்டுத் துண்டு மாதிரி ஒரு படம் இருக்கும், அதை அழுத்தி மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போங்கள். ஒவ்வொன்றின் டீட்டெய்ல்ஸையும் திறந்தால் அதற்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் முடியும் என்று ஒன்றில் இருந்தால், நீங்கள் பேங்க் தளத்தில் பார்ப்பதை அதுவும் பார்க்க முடியும். ஆயிரம் குக்கீயைவிட இந்த ஒரு வரிக்குத்தான் நான் பயப்படுவேன். விளம்பரத் தடுப்பான் மாதிரி நல்ல எக்ஸ்டென்ஷனுக்கும் இந்த அனுமதி தேவைப்படும். ஆகவே கேள்வி, அதை யார் போட்டது, எதற்குப் போட்டது என்பதுதான். வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாவிட்டால் ரிமூவ் செய்துவிடுங்கள். வாத்தியார் வீட்டில் பிடிஎஃப் மாற்றித் தருவதாகச் சொன்ன ஓர் எக்ஸ்டென்ஷன் இருந்தது. அவருடைய சர்ச் இன்ஜினையும் அதுதான் மாற்றி வைத்திருந்தது. எடுத்துவிட்டோம்.

அடுத்தது நோட்டிஃபிகேஷன். திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப ஏதாவது எகிறி வருகிறதா? பெரும்பாலும் அது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் அலவ் கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளம் எல்லாவற்றையும் நீக்குங்கள். அந்தச் செய்தியை மட்டும் அழுத்தவே கூடாது. அது கொண்டுபோய் விடும் பக்கத்தில்தான் போலி ஆன்டிவைரஸும், போன் நம்பரும், "எனி டெஸ்க் போடுங்க சார்" என்று, தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் சாஃப்ட்வேரைப் போடச் சொல்லும் ஆளும் காத்திருப்பார்கள்.

அப்புறம் குரோமின் மூன்று புள்ளி மெனுவில் கடைசி வரியைப் பாருங்கள். "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று இருக்கிறதா? ஓசூர், பெங்களூரு கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் அது சகஜம். சில ஆன்டிவைரஸ் போட்டாலும் வரும். நீங்கள் சொந்தக் காசில் வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரில் காரணமே இல்லாமல் இருந்தால், ஏதோ ஒரு புரோகிராம் உங்கள் பிரவுசரைக் கையில் எடுத்திருக்கலாம்.

பிரவுசருக்கு வெளியே ரெண்டு இடம் போதும். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் திறந்து, தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை ஆரம்பித்த வாரத்தில் எது ஏறியிருக்கிறது என்று மேலேயே தெரியும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகக் கிளம்புகிறவை வரிசையாக இருக்கும். பெயர் புரியவில்லை என்பதற்காக உடனே அழிக்காதீர்கள். சவுண்ட் டிரைவர், பிரிண்டர் எல்லாமே புரியாத பெயரில்தான் இருக்கும். அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கடைசியாக ஸ்கேன். விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும் என்பது என் அனுபவம். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் முதலில் ஃபுல் ஸ்கேன் கொடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். அப்புறம் அங்கேயே இருக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். இது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுசாக எழுவதற்கு முன்பே தேடும், கால் மணி நேரம்போல் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்கிறவை இதில் மாட்டும். டிஃபெண்டரையே ஆன் செய்ய முடியவில்லை, நீங்கள் வேறு ஆன்டிவைரஸும் போடவில்லை என்றால், அதுதான் பெரிய அறிகுறி. மத்திய அரசின் செர்ட் இன் அமைப்பு 2017 முதல் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற பெயரில் இலவச நீக்கும் கருவிகளைத் தருகிறது, அதையும் பயன்படுத்தலாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். குக்கீ திருடனில்லை, ஆனால் திருடனுக்குக் குக்கீ வேண்டும். ஜிமெயிலில் ஒரு தடவை லாகின் செய்தால் அடுத்த நாள் பாஸ்வேர்டு கேட்பதில்லை அல்லவா? நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று காட்டும் குக்கீ இருப்பதால்தான். ஸ்டீலர் என்கிற வகை ஸ்பைவேர் அந்த டோக்கனை எடுத்துக்கொண்டு போய்விடும். வண்டி ஸ்டாண்டில் டோக்கனைக் காட்டுகிறவன் கையில்தானே வண்டி? அதேபோல், அந்தக் குக்கீயை வைத்திருப்பவன் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே போகலாம். இந்த வகை பெரும்பாலும் கிராக் செய்த சாஃப்ட்வேர், திருட்டு கேம் இவற்றோடு ஒட்டிக்கொண்டுதான் வரும்.

ஆகவே ஸ்கேனில் அப்படி ஒன்று பிடிபட்டால், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதோடு வேலை முடியாது. அந்தக் கம்ப்யூட்டரின் இணையத்தைத் துண்டியுங்கள். சுத்தமான ஒரு போனிலிருந்து கூகுள் கணக்கைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் யுவர் டிவைசஸ் போய், தெரியாத சாதனங்களையும் பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரையும் சைன் அவுட் செய்யுங்கள். அப்போது பழைய டோக்கன் செல்லாமல் போகும். அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெயில் முதலில், பேங்க் அடுத்து, மற்றவை பிறகு. பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். யார் என்ன சொல்வார்களோ என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ஒன்றும் பிடிபடவில்லை, குக்கீ மட்டும்தான் உறுத்துகிறது என்றால் வேலை சுலபம். குரோமில் அதே தேர்டு பார்ட்டி குக்கீஸ் பக்கத்தில் பிளாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் வைக்கிறது, அதில் தனியாகச் செய்ய எதுவும் இல்லை. ஏதாவது ஒரு தளம் சரியாக ஓடவில்லை என்றால் அதற்கு மட்டும் விலக்கு கொடுத்துக்கொள்ளலாம். வீட்டில் ஆளுக்கொரு ப்ரொஃபைல் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இதற்காகக் காசு கொடுத்து க்ளீனர் சாஃப்ட்வேர் எதுவும் வாங்கத் தேவையில்லை.

பழைய குக்கீகளை மொத்தமாக அழிக்கலாம், தப்பில்லை. ஆனால் அழித்த நிமிஷமே பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். பாஸ்வேர்டு நினைவில்லாதவர்கள் பென்ஷன் தளத்தின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் அழிப்பதற்கு முன்னால் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் பூட்டி வையுங்கள். வீட்டுக்கு அது போதுமான பாதுகாப்பு.

அன்றைக்கு வாத்தியார் வீட்டில் கிளம்பும்போது மணி ஆறு. அவர் அந்தக் குக்கீ பட்டியல் எழுதிய ரெண்டு தாளையும் நோட்டிலிருந்து கிழித்துவிட்டு, அடுத்த வெள்ளைத் தாளைப் பேரனிடம் நீட்டினார். தாத்தா ஒவ்வொரு பாஸ்வேர்டாகச் சொல்லச் சொல்ல, அவன் எழுதிக்கொண்டிருந்தான்.